நாற்காலியை விட்டு இறங்கத் தெரிந்தவர்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் நமது குடும்பங்களுக்குத் தலைவர் தெரிவு என்பது புதிய விஷயமல்ல. தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர் ஒருவர் வேண்டும். கோயில் திருவிழாவுக்கு ஒரு கமிட்டி வேண்டும். மரியாயின் சேனைக்கும், இளைஞர் மன்றத்துக்கும், மரணாதார சங்கத்துக்கும் ஆளுக்கொரு தலைவர் வேண்டும். புதியவரைத் தெரியும் நாள் நெருங்கிவிட்டால் லயத்துக்கு லயம் அதே பேச்சாயிருக்கும். பழையவர் இறங்க மனமில்லாதிருப்பார். இறங்கினாலும் தம் மகனையோ மருமகனையோ அமர்த்திவிட்டு இறங்கப் பார்ப்பார். இளையவர்கள் பொறுமை இழப்பார்கள். ஈற்றில் ஒரு சங்கம் இரண்டாகும். இரண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டுகிறவன் மட்டும் அதே தொழிலாளியாய் இருப்பான்.

இது நமது தோட்டங்களுக்கு மட்டும் உரிய நோயல்ல. திருச்சபையும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 1268ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் கிளமெந்து இறந்தபின், வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்மார் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிவுக்கு வர இயலாமல் இழுபட்டனர். அதன்பின் தெரிவான பத்தாம் கிரகோரியார்தாம், 1274இல் லியோன் பொதுச்சங்கத்தில், கர்தினால்மாரை ஒரே இடத்தில் அடைத்துவைத்து, நாட்கள் செல்லச் செல்ல அவர்களுடைய உணவையும் குறைக்கும் கட்டளையைப் பிறப்பித்தார். அந்த வழியிலே வளர்ந்த ஒழுங்கின்படிதான் 2025 மே 8ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ தெரிவானார். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, நல்ல ஒழுங்கும் வேண்டும் என்பதைத் திருச்சபை பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

இந்த வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது நமது மொழி பேசிய ஒருவருடைய வாழ்க்கை. அவர் கத்தோலிக்கர் அல்லர். நமது நாட்டவரும் அல்லர். ஆயினும் இரண்டு முறை இந்திய தேசத்தின் பிரதம மந்திரி யார் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு அவர் கையில் வந்து விழுந்தது. அவர் முன்னின்று தெரிந்த அந்த இருவரும் இட்ட கையொப்பங்கள் நானுஓயாப் புகையிரத நிலையம் வரைக்கும் வந்து நமது குடும்பங்களைத் தொட்டன. அவர்தாம் காமராஜர்.

விருதுபட்டிச் சிறுவன்

1903 ஜூலை 15ஆம் நாள், இன்று விருதுநகர் என அழைக்கப்படும் விருதுபட்டியில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் முதலில் காமாட்சி என்று பெயரிட்டனர். அன்னையார் ராஜா என்று செல்லமாய் அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயும், தங்கை நாகம்மாளும், அவரும் வாழ்ந்த வீட்டில் படிப்புக்கு வசதி இருக்கவில்லை. பள்ளியை இடையில் விட்டு மாமனின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையில் நின்றாலும் மனம் அங்கே நிற்கவில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி நாடெங்கும் பரவிய காலம் அது. இளைஞன் காங்கிரஸ் தொண்டனானான். திருமணம் செய்துகொள்ளவேயில்லை. வைக்கத்தில் தீண்டாமையை எதிர்த்த போராட்டத்திலும் பங்கு கொண்டார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக முதன்முறை சிறை சென்றார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன.

அவருடைய அரசியல் குரு சத்தியமூர்த்தி. 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானபோது காமராஜர் செயலாளரானார். 1940இல் நடந்த தெரிவில் மூன்றே வாக்குகள் வித்தியாசத்தில் காமராஜர் தலைவரானார். அப்போது நடந்ததைக் கவனியுங்கள்: குரு சீடனின் கீழே செயலாளராகப் பணிசெய்ய இசைந்தார். தாம் வளர்த்தவன் தமக்கு மேலே உட்காருவதைச் சத்தியமூர்த்தி அவமானமாக எண்ணவில்லை. நமது சங்கங்களில் இப்படி ஒரு காட்சியை எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

இன்னொரு சம்பவம். 1941இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தெரிவு செய்தது. விடுதலையாகி வந்தவர் நேரே நகரசபைக்குச் சென்று அந்தப் பதவியைத் துறந்துவிட்டார். முழுமையாகச் செய்ய இயலாத ஒரு வேலையின் பதவியை வைத்திருக்கலாகாது என்பதே அவர் கூறிய காரணம். பெயருக்கு நான்கு சபைகளில் தலைவராயிருந்து ஒன்றுக்கும் ஒழுங்காய் வராதவர்கள் எங்கும் உண்டு. அவர்கள் இதைப் படித்தால் நன்று.

பிறரைத் தலைவராக்கியவர்

சுதந்திரம் வந்த காலத்தில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். 1946இல் பிரகாசம், 1947இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949இல் குமாரசாமி ராஜா, 1952இல் ராஜாஜி. இவர்களுள் பலரின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் காமராஜரின் கை இருந்தது. கட்சி அவர் பின்னால் நின்றது. ஆனால் அவர் நாற்காலியைத் தேடவில்லை. அவரை விமர்சித்தவர்களும் இருந்தனர். அரசாங்கத்தில் இல்லாமல் அரசாங்கத்தை ஆட்டுவிக்கிறார் என்று குறைகூறினர். அந்தக் குறையில் உண்மை இல்லாமலுமில்லை.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த பள்ளிக்கூடத் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தந்தையின் தொழிலைப் பழகுவதிலும் செலவிட வேண்டும் என்ற அத்திட்டத்தைப் பலர் குலக்கல்வி என வெறுத்தனர். ராஜாஜி விலகினார். சட்டசபைக் காங்கிரஸ் கட்சியின் தலைவரைத் தெரிய வாக்கெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93 வாக்குகள், எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகள். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதல் மந்திரியானார்.

வென்றபின் அவர் என்ன செய்தார்? எட்டுப்பேர் கொண்ட சிறிய மந்திரிசபையை அமைத்தார். அதிலே தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்துக்கும், அவருக்கு ஆதரவாக நின்ற பக்தவத்சலத்துக்கும் முக்கிய இடம் கொடுத்தார். வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பகை முடிந்தது. தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் வேலையில் அமர்த்தினார். ஒன்பதரை ஆண்டுகள் நீடித்த அந்த ஆட்சியில் கிராமம் கிராமமாகப் பள்ளிகள் எழுந்தன. பள்ளிச் சம்பளம் படிப்படியாக நீக்கப்பட்டது. 1956 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்தது. தாம் பெறாத கல்வியை ஊராரின் பிள்ளைகளுக்குக் கொடுத்த மனிதர் அவர். இத்தனைக்கும் விருதுநகரில் அன்னையார் பழைய எளிய வீட்டிலேயே வாழ்ந்து வந்தார்.

1963: தாமே இறங்கினார்

1962 தேர்தலிலும் வென்று ஆட்சியில் உறுதியாக அமர்ந்திருந்தபோது அவர் ஒரு புதிய யோசனையை நேருவிடம் வைத்தார். சீன யுத்தத்தில் ஏற்பட்ட தோல்வியால் நாட்டின் மனம் சோர்ந்திருந்தது. சில இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் தோற்றிருந்தது. மூத்த தலைவர்கள் எல்லாரும் மந்திரி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, கட்சியின் வேர் காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே மூத்தவர்கள் பதவி துறந்து மக்களிடையே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அந்த யோசனை. 1963 ஆகஸ்டில் கட்சி அதனை ஏற்றது. ஆறு மத்திய மந்திரிகளும் ஆறு மாகாண முதல் மந்திரிகளும் பதவி துறந்தனர். மத்திய மந்திரிகளுள் மொரார்ஜி தேசாயும் லால் பகதூர் சாஸ்திரியும் இருந்தனர். முதல் மந்திரிகளுள் காமராஜரும் ஒருவர். 1963 அக்டோபர் 2ஆம் நாள் அவர் பதவியை விட்டு இறங்க, பக்தவத்சலம் அவ்விடத்துக்கு வந்தார்.

நேருவுக்குப் பின் வரக்கூடிய மொரார்ஜியை வழியிலிருந்து அகற்றும் தந்திரமே இது என்று அன்றே சிலர் சந்தேகித்தனர். அந்தச் சந்தேகம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஆயினும் பிறரை இறங்கச் சொன்னவர் தாமும் கூடவே இறங்கினார் என்பதை மறுக்க முடியாது. ஏழாண்டுகள் கழித்து, 1970இல், திருத்தந்தை ஆறாம் பவுல், எண்பது வயதைக் கடந்த கர்தினால்மார் திருத்தந்தையைத் தெரியும் கூட்டத்தில் பங்குபெறுவதில்லை என்று கட்டளையிட்டார். மூத்தோருக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காக அதிகாரமும் கடைசி மூச்சுவரை கையில் இருக்க வேண்டியதில்லை என்ற உண்மை இரண்டிலும் விளங்குகிறது.

பதவி துறந்த காமராஜரை அகில இந்தியக் காங்கிரஸ் தனது தலைவராக்கியது. 1964 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் அவர் தலைமையில் கூடிய மாநாட்டிலேயே நேரு நோயில் விழுந்தார்.

இரண்டு தெரிவுகள்

1964 மே 27ஆம் நாள் நேரு காலமானார். பதினேழு ஆண்டுகள் ஒரே பிரதம மந்திரியைக் கண்ட நாடு, இனி யார் என்று திகைத்தது. அன்றே குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமரானார். மொரார்ஜியும் சாஸ்திரியும் முன்னணியில் இருந்தனர். வெளிப்படையாக வாக்கெடுப்புக்கு விட்டால் கட்சி பிளவுபடலாம் என்ற அச்சம் இருந்தது. எனவே எல்லாரின் கருத்தையும் தனித்தனியே கேட்டறிந்து, யாருக்கு ஆதரவு மிகுதி என்று கண்டு கூறும் பொறுப்பைக் காமராஜரிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் பாராளுமன்ற அங்கத்தவர்களையும் மாகாண முதல் மந்திரிகளையும் தொடர்ந்து சந்தித்தார். அதிகம் பேசாதவர், கேட்பதிலே வல்லவர். சாஸ்திரிக்கே ஆதரவு மிகுதி என்று அறிவித்தார். ஜூன் 2ஆம் நாள் கட்சி சாஸ்திரியை ஏகமனதாகத் தெரிந்தது. மொரார்ஜியும் அதற்கு இணங்கினார். 9ஆம் நாள் சாஸ்திரி பதவியேற்றார். அதிகாரம் ஒரு துளி இரத்தம் சிந்தாமல், ஒரு கூச்சலும் இல்லாமல், இரண்டு வாரத்துள் கைமாறியது. ஆனால் இந்த முடிவின் விதை முந்திய அக்டோபரிலேயே திருப்பதியில் கூடிய சில பெருந்தலைவர்களிடம் விழுந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகின்றனர். கேட்டறிதல் உண்மையாக நடந்தது. கேட்பதற்கு முன்பே கேட்பவர்களின் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் பெரும்பாலும் உண்மையே.

1966 ஜனவரி 11ஆம் நாள் சாஸ்திரி தாஷ்கண்டில் திடீரென்று மரணமானார். மீண்டும் அதே கேள்வி. இம்முறை காமராஜரே பிரதமராக வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். தமக்கு இந்தியும் ஆங்கிலமும் போதிய அளவில் தெரியாது என்பதைச் சுட்டி அவர் மறுத்துவிட்டார். இந்திராவை முன்நிறுத்தினார். மொரார்ஜி இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை; வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அது அவருடைய உரிமை. ஜனவரி 19ஆம் நாள் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் இந்திராவுக்கு 355 வாக்குகளும் மொரார்ஜிக்கு 169 வாக்குகளும் கிடைத்தன.

தெரிந்தவர்களின் கையொப்பம்

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. தலைவரைத் தெரியும் உரிமை அன்று நமது பாட்டன்மாருக்கு இருந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த உரிமையைப் பறித்தன. இலங்கையிலும் வாக்கில்லை, இந்தியாவிலும் வாக்கில்லை. அந்த நிலையில்தான் 1964 அக்டோபர் 30ஆம் நாள், பதவியேற்று ஐந்து மாதமும் நிறையாத சாஸ்திரி, நமது பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவுடன் புதுதில்லியில் ஒப்பந்தம் செய்தார். நாடற்றவர்களாயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை தரும்; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும். 1974 ஜனவரியில் இந்திரா அந்த எஞ்சியவர்களைப் பாதிக்குப் பாதி, 75,000 பேராக, பகிர்ந்துகொள்ள இணங்கினார்.

மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் மனிதர்கள் பங்கிடப்பட்டனர். நானுஓயா நிலையத்திலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தகரப் பெட்டிகளோடு ஏறியவர்களையும், மேடையில் நின்று அழுதவர்களையும் முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே நம்மவர் பெயர் வைத்தனர். தலைமன்னார் போய், கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பலர் நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கே மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அண்ணன் கோத்தகிரியிலும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் நமது பங்குகளிலே இன்றும் உண்டு. வாக்குரிமை இழந்த மலையகம் தன் வாக்கினால் ஒருவரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முப்பது ஆண்டுகள் சென்றன. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்தக் கண்ணீரைக் காமராஜரின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஒப்பந்தத்தைச் செய்தவை இரண்டு அரசாங்கங்கள். ஆயினும் ஒரு பாடம் இருக்கிறது. 1964 ஜூனில் தில்லியில் அத்தனை பேரின் கருத்தைப் பொறுமையாய்க் கேட்டார்கள். அக்டோபரில், எவர்களுடைய வாழ்வைப் பிரித்தார்களோ அவர்களைக் கேட்கவில்லை. தலைவரைத் தெரிவதில் எவ்வளவு நீதி இருந்தாலும், தெரிந்த பின் அத்தலைவர் யாரைக் கேட்கிறார், யாரைக் கேட்காமல் விடுகிறார் என்பதைக் கவனியாவிட்டால் அந்த நீதி பாதிவழியில் நின்றுவிடும்.

மாலைப் பொழுது

காமராஜரின் பின்னைய நாட்கள் துன்பமானவை. அவர் விட்டுவந்த தமிழகத்தில் 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் அங்கே ஆட்சியை இழந்தது. சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராயிருந்த ஒரு இளைஞரிடம் 1,285 வாக்குகளால் காமராஜர் தோற்றார். ஒருவரின் தோளில் நின்ற வீடு, அவர் நகர்ந்தபின் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அந்த நான்கே ஆண்டுகள் காட்டின. இந்தியா முழுமைக்கும் வாரிசைத் தேடிக்கொடுத்தவர், தம் சொந்த மாகாணத்தில் அடுத்த தலைமுறையை வேரூன்ற வைக்கத் தவறினார் எனலாம்.

அவரும் நண்பர்களும் இந்திராவைத் தெரிந்தபோது, தங்கள் ஆலோசனைப்படி நடப்பார் என்று எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பொய்த்தது. 1969இல் குடியரசுத் தலைவர் தெரிவை ஒட்டி எழுந்த பிணக்கில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். அதே ஆண்டு நாகர்கோவில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1975 ஜூனில் அவசரகால நிலை பிறந்தது. பழைய தோழர்கள் சிறைப்பட்டனர். அந்த வேதனையோடு அவர் 1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த அதே தினத்தில், சென்னையில் உயிர் நீத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் மந்திரிப் பதவியை விட்டிறங்கியதும் அதே அக்டோபர் இரண்டுதான். வீடு, நிலம், வங்கிச் சேமிப்பு என்று சொல்லும்படி எதையும் விட்டுச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது.

அன்பான குடும்பங்களே, அடுத்த முறை உங்கள் தோட்டத்திலோ பங்கிலோ ஒரு தலைவரைத் தெரியக் கூடும்போது இந்த வாழ்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். சீடனின் கீழே பணிசெய்யச் சம்மதித்த சத்தியமூர்த்தியை நினையுங்கள். செய்ய முடியாத பதவியைத் திருப்பிக் கொடுத்ததை, தோற்றவரைச் சேர்த்துக்கொண்டதை, பலமாயிருக்கும்போதே இறங்கியதை நினையுங்கள். தம் சொல்லைக் கேட்பார் என்று எண்ணி ஒருவரைத் தெரிவதால் வரும் ஏமாற்றத்தையும் மறவாதீர்கள். கூட்டத்தைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். கொழுந்து மலையிலிருந்து இன்னும் வந்து சேராத பெண்கள், வயோதிபர், சந்தா கட்ட வழியற்றவர் யாராவது வெளியே நிற்கிறார்களா? அவர்களுடைய வாழ்வையும் பாதிக்கப்போகும் தெரிவு இது. அவர்கள் வந்து உட்கார்ந்தபின் கூட்டத்தை ஆரம்பியுங்கள்.